மலைத்தோட்டத்து வானமும் சிறிய தொலைநோக்கியும்

பூமத்திய ரேகைக்கு வடக்கே நாலரைப் பாகையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கேமரன் மலை, 1885-இல் அப்பகுதியை அளந்து சென்ற வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கி, 1929-இல் போ தோட்டம் தொடங்கப்பட்ட பிறகு தேயிலைக்குப் பேர்பெற்று, அந்தத் தேயிலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொந்த ஊராகவும் ஆகிவிட்ட பிரதேசம். மழை சற்று ஓய்ந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும், பின்னர் ஜூன், ஜூலையிலும், மூடுபனி பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட, மேட்டுச் சரிவுகளில் வானம் துலங்கி நிற்கும் இரவுகள் அங்கே வாய்க்கின்றன. அத்தகைய இரவில் லயத்து வாசலிலோ பள்ளித் திடலிலோ ஒரு சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கியை நிறுத்தி வானத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு, குழாயைத் தேர்ந்தெடுப்பதைவிட, குழாயோடு சேர்க்க வேண்டிய துணைப் பொருள்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் யோசனை அதிகம் வேண்டியிருக்கிறது. ஏனெனில் கடைகளில் கிடைக்கும் துணைப் பொருள்களில் பெரும்பாலானவை இந்த அட்சரேகையையும் இந்த ஈரத்தையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை அல்ல.

ஒளிவிலகல் தொலைநோக்கியின் அமைப்பு மிக எளியது. குழாயின் முன்முனையில் இருக்கும் பொருளருகு லென்ஸ், தொலைவிலிருந்து வரும் ஒளியைத் திரட்டிக் குழாயின் பின்முனையருகே ஒரு சிறிய பிம்பத்தை உண்டாக்குகிறது; அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்கிக் கண்ணுக்குக் காட்டுவது கண்ணருகு லென்ஸ். முன்னதன் குவியத்தூரத்தைப் பின்னதன் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவதே உருப்பெருக்கம். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டவரைக் கடைக்காரரின் விளம்பரம் ஏமாற்ற முடியாது. 60 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத்தூரமும் உடைய சிறிய கருவியோடு 4 மி.மீ. கண்ணருகு லென்ஸும், மும்மடங்கு பெருக்கும் இடை லென்ஸும் சேர்த்து விற்று, பெட்டியின் மேல் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் அச்சிடுவது வழக்கம். கணக்கு சரியே, ஆனால் அந்த 525 மடங்கில் சந்திரனும் கலங்கிய நிழலாகத்தான் தெரியும்.

காரணம் ஒளியின் இயல்பிலேயே இருக்கிறது. குறுகிய வாயில் வழியே நுழையும் ஒளி சிறிது விரிந்தே செல்லுமாதலால், நட்சத்திரம் ஒரு புள்ளியாகக் குவியாமல், மெல்லிய வளையங்கள் சூழ்ந்த சிறு தட்டாகவே பிம்பம் பெறுகிறது. விட்டம் குறையக் குறைய அந்தத் தட்டு பெரிதாகிறது. 80 மி.மீ. கருவி ஏறத்தாழ ஒன்றரை விகலை இடைவெளியுள்ள இரட்டை நட்சத்திரங்களைத்தான் பிரித்துக் காட்ட வல்லது. அதைவிட நுண்ணிய விவரம் பிம்பத்திலேயே இல்லாதபோது, அதை எவ்வளவு பெருக்கினாலும் மங்கல்தான் பெருகும். ஆகவே, மில்லிமீட்டரில் கணக்கிட்ட விட்டத்தைப்போல் இரு மடங்கே பயனுள்ள உருப்பெருக்கத்தின் மேல் எல்லை என்பது அனுபவத்தில் தேறிய விதி. 60 மி.மீ. கருவிக்கு அது 120, 80 மி.மீ. கருவிக்கு 160. காற்று அமைதியாக இல்லாத இரவில் அதையும் எட்ட முடியாது.

உதாரணத்திற்கு 80 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு முதன்முதலில் வாங்க வேண்டிய கண்ணருகு லென்ஸ், பலரும் எதிர்பார்ப்பதற்கு மாறாக, மிகக் குறைவாகப் பெருக்குவதே ஆகும். 32 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 19 மடங்குதான் பெருக்கும். ஆயினும் அது ஒரே பார்வையில் இரண்டரைப் பாகை வானத்தை, அதாவது ஐந்து பூரண சந்திரர்களை வரிசையாக வைத்தால் அடங்கும் அகலத்தை, கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. லென்ஸைவிட்டு வெளியேறும் ஒளிக்கற்றையின் அகலமும் கவனிக்கத்தக்கது. பொருளருகு லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது அது. இங்கே நாலேகால் மில்லிமீட்டர். இருளில் பழகிய இளைஞரின் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரையிலும், வயது முதிர்ந்தவருடையது ஐந்து வரையிலும் விரிவதால், இந்தக் கற்றை முழுவதும் வீணாகாமல் கண்ணுக்குள் செல்கிறது. கற்றை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே குறுகினால் காட்சி மங்குவதோடு, நம் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் தூசுகளும் குறுக்கே ஓடத் தொடங்கும்.

குறைந்த பெருக்கத்தின் அருமை கேமரன் மலையில் இரட்டிப்பாகிறது. கார்த்திகைக் கூட்டமும், விருச்சிகத்தின் கொடுக்கருகே இருக்கும் பெரிய நட்சத்திரக் கொத்தும் பெரும்பாலான நாட்டாரும் காணத்தக்கவை. ஆனால் கரீனா நெபுலாவும் ஒமேகா செந்தாரி என்னும் கோளக்கொத்தும் லண்டன் நகரத்தாருக்கு ஒருபோதும் உதிக்காதவை. கேமரன் மலையிலோ முன்னது 26 பாகை உயரத்துக்கும் பின்னது 38 பாகை உயரத்துக்கும் ஏறி வருகிறது. பிப்ரவரியில் பின்னிரவு வரை விழித்திருப்பவர் கரீனாவையும், விடியலுக்கு முன் எழுபவர் ஒமேகா செந்தாரியையும் தெற்கு வானில் பார்க்கலாம். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிக்குலம் என்னும் தென்வானக் கூட்டத்தில் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். சென்னையில் 14 பாகைக்கு மேல் எழாத அது, இந்த மலையில் 22 பாகைக்கு மேல் எழுகிறது. உச்சப் பிரகாசத்தில் இருக்கும் காலத்தில் நம் 80 மி.மீ. கருவிக்கும் எளிதில் எட்டும். தென் திசையை மறைக்கும் மலைமுகடு எதுவும் இல்லாத ஓர் இடத்தைத் தேடிப் பிடிப்பது எந்த விலையுயர்ந்த லென்ஸைவிடவும் பயன் தருவது.

இரண்டாவது லென்ஸாக 10 மி.மீ. ஒன்றையும், அவற்றோடு இரு மடங்கு பெருக்கும் பார்லோ லென்ஸையும் சேர்த்துக்கொண்டால் போதும். உல்விச் இராணுவக் கலாசாலையின் கணித ஆசிரியர் பீட்டர் பார்லோவின் பெயரால் வழங்கும் இந்தக் குழிலென்ஸ், கண்ணருகு லென்ஸுக்கு முன்னே செருகப்பட்டு, பொருளருகு லென்ஸின் குவியத்தூரத்தை நீட்டித்ததற்குச் சமமான பலனைத் தருகிறது. அப்போது 19, 38, 60, 120 என நான்கு உருப்பெருக்கங்கள் கிடைக்கின்றன. 38-இல் சனியின் வளையம் புலப்படும். 60-இல் வியாழனின் பட்டைகளும் சந்திரனின் குழிகளும் தெளிவாகும். 120 அமைதியான இரவுகளுக்கு. 20 மி.மீ., 10 மி.மீ. இரண்டையும் வாங்கி இரு மடங்கு பார்லோவையும் வாங்குகிறவர், பார்லோ பூட்டிய 20 மி.மீ. லென்ஸ் 10 மி.மீ. லென்ஸின் வேலையையே செய்வதைக் கண்டு வருந்துவார்.

கண்ணருகு லென்ஸ்களில் இனப் பாகுபாடு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் ஹைகன்ஸ் வகுத்த இரண்டு லென்ஸ் அமைப்பு இன்றும் மலிவான கருவிகளில் ‘எச்’ என்ற எழுத்தோடு வருகிறது; அதன் பார்வைப் புலம் குறுகலாகவும் ஓரம் கலங்கியும் இருக்கும். 1849-இல் கெல்னர் அமைத்தது அதைவிட மேலானது. 1860-இல் வியன்னாவின் பிளோசல் அமைத்த நான்கு லென்ஸ் முறையே, ஏறத்தாழ 50 பாகைத் தோற்றப் புலத்தோடும் நியாயமான விலையோடும், இன்று தொடங்குகிறவர்களுக்கு உரியது, ‘பி.எல்.’ என்று பொறித்திருப்பது அதைத்தான். செருகும் குழலின் விட்டத்தையும் பார்த்து வாங்க வேண்டும். 24.5 மி.மீ. என்னும் பழைய அளவில் நல்ல லென்ஸ்கள் இப்போது அரிது; 31.7 மி.மீ. அளவை ஏற்கும் கருவியே வாங்கத்தக்கது.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பிளோசல் வகையில் குவியத்தூரம் குறையக் குறைய, கண்ணை லென்ஸுக்கு மிக அருகில் கொண்டுபோக வேண்டியிருக்கும், 10 மி.மீ. லென்ஸில் அந்த இடைவெளி ஏழு மில்லிமீட்டர் அளவே. மூக்குக்கண்ணாடிக்கு இடம் வேண்டுமானால் பதினைந்து மில்லிமீட்டராவது தேவை. கிட்டப்பார்வையோ தூரப்பார்வையோ மட்டும் உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவிப்புத் திருகைச் சற்றுத் திருப்பினாலே போதும். கண்ணின் வளைவுக் கோளாறு உள்ளவருக்கு அது போதாதாகையால், அவர் நீண்ட இடைவெளி தரும் வகையைக் கூடுதல் விலை கொடுத்தேனும் வாங்குவது நல்லது.

இனி இந்த அட்சரேகைக்கே உரிய விஷயங்கள். கிரகங்கள் செல்லும் பாதை, வான நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் இருபத்துமூன்றரைப் பாகைக்கு மேல் விலகாததால், கேமரன் மலையில் உச்சிக்கோட்டைக் கடக்கும் எந்தக் கிரகமும் ஏறக்குறைய 62 பாகைக்குக் கீழே தாழ்வதில்லை. லண்டனில் சில ஆண்டுகளில் அது 15 பாகைக்கு இறங்கிவிடுகிறது. தலைக்கு மேலே, மெல்லிய காற்றின் ஊடே கிரகங்களைப் பார்க்கக் கிடைக்கும் இந்தச் சிறப்பு பெரும் பாக்கியமே; ஆனால் குழாய் செங்குத்தாக நிற்கும்போது, அதன் கீழ்முனையில் கண் வைக்கத் தரையில் படுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒளியைச் செங்கோணத்தில் திருப்பும் கண்ணாடித் திருப்பி இங்கே இன்றியமையாத உறுப்பு. சிறிய கருவிகளோடு பெரும்பாலும் தரப்படுவது 45 பாகை திருப்பும் முப்பட்டகம். அது பிம்பத்தை நேராக நிமிர்த்திக் காட்டுவதால் பகலில் தேயிலைச் சரிவின் பறவைகளைப் பார்க்க உகந்தது. இரவில், உச்சிவானை நோக்கும்போது, கழுத்தை வருத்துவதோடு, பிரகாசமான நட்சத்திரங்களின் குறுக்கே ஒரு மெல்லிய ஒளிக்கோட்டையும் சேர்த்துவிடும்.

தாங்கியைப் பற்றியும் இதே கதைதான். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்கும் துருவத் தாங்கியை, அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கும்படி சாய்த்து வைக்க வேண்டும். கேமரன் மலையில் அந்த நட்சத்திரம் அடிவானத்திலிருந்து நாலரைப் பாகை உயரத்தில், மலைத்தொடருக்கும் மேகத்துக்கும் பின்னால் ஒளிந்து கிடக்கிறது. அச்சை அவ்வளவு தாழ்வாகப் படுக்க வைக்கப் பல தாங்கிகள் இடம் தருவதில்லை. தந்தாலும் எதிரெடை முக்காலியின் காலில் இடிக்கும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியே இங்கு ஏற்றது. அது குழாயை ஒரு பக்கமாகப் பிடிக்கும் வகையாக இருந்தால், உச்சியை நோக்கும்போது குழாய் எதிலும் முட்டாது. முக்காலி உறுதியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம். நடுங்கும் காலின் மேல் நிறுத்திய நல்ல லென்ஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆனால் இந்த மலையில் தொலைநோக்கிக்கு மெய்யான சத்துரு ஈரம். தெளிந்த இரவில் பொருளருகு லென்ஸ் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிச் சுற்றுக்காற்றைவிடக் குளிர்கிறது. இரவில் பதினைந்து பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும் மலைக்காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால், லென்ஸ் ஒன்றிரண்டு பாகை குளிர்ந்தாலே அதன் மேல் பனிநீர் படிந்துவிடுகிறது. லென்ஸின் விட்டத்தைப்போல் ஒன்றரை முதல் இரு மடங்கு நீளமுள்ள பனித்தடுப்புக் குழல், வானத்தின் பெரும்பகுதியை லென்ஸிடமிருந்து மறைத்து அந்தக் குளிர்ச்சியைத் தாமதப்படுத்தும். கறுப்பு அட்டையில் வீட்டிலேயே அதைச் செய்துகொள்ளலாம். அதுவும் போதாத இரவுகளுக்கு, மின்கலத்தால் இலேசாகச் சூடாகும் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டலாம். காற்றைவிட ஓரிரு பாகை சூடு இருந்தாலே பனி படியாது. படிந்த பனியைத் துணியால் துடைப்பது மட்டும் கூடாது. ஈரத்தில் கலந்த தூசு லென்ஸின் மேற்பூச்சில் கீறலை உண்டாக்கும்.

பனிநீர் அந்த இரவோடு போய்விடும். பூஞ்சணமோ லென்ஸையே தின்றுவிடும். நுண்ணிய வலைபோல் கண்ணாடியின் மேல் படரும் அது, தன் அமிலத்தால் மேற்பூச்சையும் கண்ணாடியையும் அரித்துத் தடம் பதித்துவிட்டால், பிறகு எந்தச் சுத்திகரிப்பாலும் அது தீராது. குளிர்ந்த கருவியை மூடியிட்டு, ஒரு பையில் பொதிந்து வீட்டுக்குள் கொண்டுவந்து, அறையின் உஷ்ணத்துக்கு அது வந்த பிறகே திறந்து காயவிட வேண்டும். முழுதும் காய்ந்த பின்பே பெட்டியில் வைக்க வேண்டும். தோட்டத்துத் தொழிற்சாலையில், நூற்றுக்கு மூன்று பங்கு ஈரம் மட்டுமே எஞ்சும்படி உலர்த்திய தூளைக் காற்றுப் படாமல் உடனே அடைத்து வைக்கும் அதே சிரத்தையோடு, கண்ணருகு லென்ஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் பாதுகாக்க வேண்டும். நீல நிறமுள்ள சிலிக்கா ஜெல் ஈரம் உறிஞ்சி இளஞ்சிவப்பானதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும்; அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. சிறிய ஈரமானி ஒன்றை டப்பாவுக்குள் வைத்து, ஒப்பு ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் இடையே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம். மற்றொரு கண்ணருகு லென்ஸ் வாங்க எடுத்து வைத்த பணத்தை முதலில் இதற்குச் செலவிடச் சொல்வேன்.

வண்ண வடிகட்டிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் அவை வேண்டியதில்லை. மலர்த் தோட்டங்களின் கூடாரங்களில் சாமந்திக்காக இரவில் எரியும் விளக்குகள் வானத்தை வெளுக்கச் செய்யும் பகுதிகளில், நெபுலாவின் ஒளியை மட்டும் விடும் குறும்பட்டை வடிகட்டி கரீனாவையும் ஓரியன் நெபுலாவையும் ஓரளவு துலக்கும். அவ்விளக்குகள் எட்டாத தேயிலைச் சரிவின் இருளுக்கு அது ஈடாகாது.

ஒரு வடிகட்டியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கண்ணருகு லென்ஸில் திருகும் சிறிய கறுப்புக் கண்ணாடி சில பழைய, மலிவான கருவிகளோடு சூரியனைப் பார்க்க என்று தரப்பட்டதுண்டு. குவிந்த வெயிலின் சூட்டில் அது திடீரென்று வெடிக்கக்கூடும். வெடித்த கணத்தில் பார்வை போய்விடும். பெட்டியில் அது இருந்தால் உடைத்து எறிந்துவிட வேண்டும். சூரியக் கரும்புள்ளிகளைப் பார்க்க, பொருளருகு லென்ஸ் முழுவதையும் முன்புறமே மூடி, ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் தகட்டு வடிகட்டி ஒன்றே பாதுகாப்பானது. மேகம் திரள்வதற்கு முன்னான காலை வேளையில், அதை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை ஏதும் இல்லை என்று உறுதி செய்து, காற்றில் கழன்று விழாதபடி குழாயோடு இறுகக் கட்டி, இலக்கைத் தேட உதவும் சிறிய தேடுகுழலின் மூடியையும் போட்ட பிறகே, குழந்தைகளைக் கருவியின் அருகே அழைக்க வேண்டும்.