நடைபாதை இருக்கு, நடக்க முடியலை!



போன மாசம் எங்க அப்பத்தா கடைத்தெருவுக்குப் போனப்போ, பின்னால் வந்த ஒரு பைக் இடித்துக் கீழே விழுந்துட்டாங்க. வலது கையில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவங்களை முதலில் திட்டினது நான்தான்.

"நடைபாதை இருக்குல்ல, ஏன் அப்பத்தா ரோட்டுல நடந்த?"

"ஏத்தா, அது இம்புட்டு ஒசரம் இருக்கு. நான் என்ன ஆட்டுக்குட்டியா, தாவி ஏற?"

மறுநாள் டேப் எடுத்துக்கிட்டுப் போனேன். நடைபாதையின் உயரம் 34 செ.மீ.! ஏறி நடந்தால் பத்தடியில் ஒரு டிரான்ஸ்பார்மர். அதைத் தாண்டினால் வரிசையாக பைக்குகள். அப்புறம் ஓர் இடத்தில் ஸ்லாப்பே இல்லை, கீழே சாக்கடை. நானே மூன்று தடவை ரோட்டில் இறங்கி ஏறினேன். தப்பு அப்பத்தா மேல இல்லைன்னு அப்பதான் புரிஞ்சது.

அப்படின்னா தெரு எப்படி இருக்கணும்? நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. நடைபாதை: நம் நாட்டில் சாலைகளுக்கு அளவுகளை வகுப்பது இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு. அதன் நெறிமுறைப்படி, தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். அப்போதுதான் எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் விலகிப் போக முடியும். உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. எங்க தெருவில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்!

2. வேகம்: இயக்க ஆற்றல் பாடம் ஞாபகம் இருக்கா? வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டியைவிட 60-ல் வரும் அதே வண்டி நான்கு மடங்கு ஆற்றலோடு மோதும். அதனால்தான் பள்ளி, ஆஸ்பத்திரி, சந்தை பக்கத்தில் வேகத்தடை தேவை. அதற்கு வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். இல்லாட்டி ராத்திரியில் பைக்கில் வர்றவங்க விழுந்துடுவாங்க.

3. கடக்கும் இடம்: ஜீப்ரா கோடு அழிந்தால் உடனே மறுபடி போடணும். அகலமான ரோட்டில் நடுவே நிற்க ஒரு திட்டு கட்டினால், ஒரு பக்கம் வரும் வண்டிகளை மட்டும் பார்த்துப் பாதி பாதியாகக் கடக்கலாம்.

4. வெளிச்சம்: கடக்கும் இடத்தில் தெருவிளக்கு எரியணும். நம்மை டிரைவர் பார்த்தால்தானே பிரேக் போடுவார்!

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றே ஒரு கொள்கை கொண்டு வந்தது. தி.நகர் பாண்டி பஜாரில் வண்டி போகும் இடத்தைக் குறைத்து, நடைபாதையை அகலமாக்கி, 2019 நவம்பரில் திறந்தார்கள். மனசு வைத்தால் முடியும்!

ஒரு விஷயம். யாரிடம் கேட்பது என்று தெரிந்து கேட்கணும். ஊருக்குள் இருக்கும் தெருக்கள் நகராட்சியின் பொறுப்பு. ஊரைக் கடந்து போகும் பெரிய ரோடு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. இடம் மாறி மனு கொடுத்தால் காகிதம்தான் சுற்றும்.

கடைத்தெருவின் அளவுகளை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நம் பள்ளி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அளக்க யார் யார் வர்றீங்க? இரண்டையும் சேர்த்து ஒரே மனுவாக வார்டு கவுன்சிலரிடம் கொடுப்போம். அப்பத்தாவுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் கட்டுப் பிரிப்பாங்க. பிரிச்சதும் அதே தெருவில்தான் நடந்தாகணும்.

தெரு வண்டிக்கு மட்டுமல்ல, காலுக்கும்தான்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி