கத்தரிக்காய் தின்றால் வலி வருமா?

சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சுக்கு இருக்கும் மரியாதையே தனி. பிஞ்சுக் கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளித் தண்ணீரில் வேகவைத்து மசித்து, மல்லி, கடலைப்பருப்பு, மிளகாயை வறுத்துப் பொடித்ததைத் தூவி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை அடுப்பை விட்டு இறக்க மாட்டார்கள். சம்பா சாதத்தோடு நடராஜருக்கே நைவேத்தியமாகும் பண்டம். ஆனால் வீட்டில் நிறைமாதக்காரி இருந்தால் அவள் இலைக்கு மட்டும் அது வராது. “வேணாம்மா, கத்தரிக்கா கரப்பான். புள்ளைக்குச் சொறி வந்துடும்” என்று மாமியார் கிண்ணத்தை நகர்த்திவிடுவார்.

இதே காய்க்காக அமெரிக்காவில் நிறைமாதக்காரிகள் காரேறிப் போனார்கள். ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்மைர்னா என்ற ஊர். அங்கே ஸ்காலினீஸ் என்றொரு இத்தாலிய உணவகம் இருந்தது. கத்தரிக்காயை வட்ட வட்டமாக நறுக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளிக் குழம்பும் சீஸும் அடுக்கடுக்காக இட்டு ஓவனில் வேகவைத்த ‘எக்பிளான்ட் பார்மீஜானா’தான் அங்கே பிரபலம். அதைச் சாப்பிட்டால் 48 மணி நேரத்துக்குள் பிரசவ வலி வந்துவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. வலி வராதவர்களுக்கு இன்னொரு சாப்பாட்டுக்கான பரிசுச் சீட்டு. வந்தவர்கள் அனுப்பிய குழந்தைப் படங்கள் சுவர் முழுக்க, முந்நூறுக்கும் மேல். 2018இல் அந்தக் கடையை மூடும்வரை இந்தப் பேச்சு அடங்கவில்லை.

ஒரே காய். இங்கே வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாது. அங்கே பிள்ளையை வெளியே அழைத்துவரும். கத்தரியைப் பயிராக்கியது நம் பக்கத்து ஆசியாதான். அரபு வணிகர்கள் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய், பார்மீஜானாவாக இத்தாலியக் குடியேறிகளோடு அமெரிக்கா சேர்ந்தது. போகிற வழியில் அதன் குணம் தலைகீழாக மாறியிருக்க நியாயமில்லை. மாறியது அதைப் பற்றிய பேச்சுதான்.

அந்தச் சுவரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். யார் அங்கே போவார்கள்? ஏழாம் மாதக்காரி போகமாட்டாள். நாள் தள்ளிப்போய், கால் வீங்கி, “இன்னும் பெறலையா?” என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டு அலுத்துப்போனவள்தான் போவாள். டாக்டர் குறித்துக்கொடுத்த அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. ஆனால் நாற்பது வாரத்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த ஒரு வாரத்துக்குள் குழந்தை பிறந்துவிடும். அப்படிப்பட்ட நூறு பேருக்குப் பச்சைத்தண்ணீர் கொடுத்தாலும் இரண்டு நாளில் இருபது பேருக்காவது வலி எடுக்கும். அந்த இருபது பேரின் படம் சுவரில் ஏறும். மிச்சம் எண்பது பேர் பரிசுச் சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விடுவார்கள்; அவர்கள் படத்தை மாட்டச் சுவர் கிடையாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். விழாத பனம்பழத்தை யாரும் எண்ணுவதில்லை என்பதுதான் இதில் சூட்சுமம்.

பிறகு எதுதான் வலியைத் தொடங்கி வைக்கிறது? முழு விடை இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் முடிவெடுப்பதில் தாயின் இரைப்பையைவிடக் குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் பங்கு அதிகம். குழந்தையின் நுரையீரல் முதிரும்போது எஸ்பி-ஏ என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது பனிக்குட நீரில் கலந்து, எலிகளில் பிரசவத்துக்கான அழைப்பாக வேலை செய்கிறது என்று 2004இல் டல்லாஸ் நகரில் கரோல் மெண்டல்சன் குழு காட்டியது. ‘மூச்சுவிடத் தயார்’ என்று குழந்தையே சொல்லியனுப்புகிற மாதிரி. அதன்பின் புரோஸ்டாகிளாண்டின்கள் கருப்பை வாயை இளக்க, ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருக்க, காரியம் நடக்கிறது.

உணவாகப் போய் இந்தச் சங்கிலியைத் தொடுகிற பொருள் ஒன்று உண்டு. அது நம் பாட்டிமார் அலமாரியில் இருந்த விளக்கெண்ணெய். குடலில் அது உடைந்து ரிசினோலிக் அமிலமாகிறது. அந்த அமிலம் குடல் தசையிலும் கருப்பைத் தசையிலும் இருக்கும் இபி3 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது என்பதை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2012இல் எலிகளில் நிறுவினார்கள். புரோஸ்டாகிளாண்டின் வந்து உட்கார வேண்டிய இடம் அது. சரி, குடித்துப் பார்க்கலாமா? வேண்டாம். எவ்வளவு குடித்தால் எவ்வளவு சுருங்கும் என்பதற்குக் கடிவாளம் இல்லை. பேதி கண்டு உடம்பின் நீர் வற்றியபின் பிரசவ அறைக்குப் போவது யாருக்கும் நல்லதல்ல.

பப்பாளி விஷயத்தில் பாட்டிகள் பாதி சரி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பழுத்த பப்பாளிச் சாறு எலியின் கருப்பையை ஒன்றும் செய்யவில்லை. காயின் பால் கருப்பையை இறுக்கிச் சுருங்க வைத்தது. பழத்தைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க அழுகிற பெண்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பேரீச்சைக்கும் கொஞ்சம் சான்று உண்டு. ஜோர்டானில் கடைசி நான்கு வாரம் தினம் ஆறு பேரீச்சம்பழம் சாப்பிட்ட 69 பெண்களில் 96 விழுக்காட்டினருக்குத் தானாக வலி வந்தது. சாப்பிடாத 45 பேரில் 79 விழுக்காடு. சின்ன ஆய்வு, சீட்டுப் போட்டுப் பிரித்ததும் அல்ல. ஆனாலும் பேரீச்சையால் கெடுதல் இல்லை, சர்க்கரை நோய் இல்லாவிட்டால்.

இப்போது உணவகத்துக்குள் போவோம். கடலூரிலோ சிதம்பரத்திலோ இத்தாலியச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் பீட்சாதான். விறகடுப்புப் பீட்சா, பாஸ்தா, டிராமிசு என்று ஆசைப்பட்டால் கடலூரிலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரிக்குப் போகவேண்டும். மசக்கை தெளிந்த ஐந்தாம் மாதத்தில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிற தம்பதியின் கையில் மெனு அட்டை. எதற்குப் பயப்படலாம்?

கத்தரிக்காய்க்கு வேண்டாம், பூண்டுக்கு வேண்டாம். பேசில் இலைக்கும் வேண்டாம். அது நம் திருநீற்றுப்பச்சிலையின் இனமேதான். பயப்பட வேண்டியது காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸுக்கு. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா மற்றவை சோம்பிக் கிடக்கும் ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும். தாய்க்கு லேசான காய்ச்சல், உடம்புவலி என்று போக்குக்காட்டிவிட்டு நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையைப் பிடிக்கும். 1985இல் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் மெக்சிகோ வகை மென்சீஸ் ஒன்றால் 142 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் 93 பேர் கர்ப்பிணிகளும் அவர்களுடைய சிசுக்களும். வயிற்றிலேயே இறந்த சிசுக்கள் மட்டும் 20. பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கினாலே இந்தக் கிருமி செத்துவிடும். கொதிக்கக் கொதிக்க வரும் பீட்சாவின் மேல் உருகி ஓடும் மொசரெல்லாவுக்கு அஞ்சவேண்டியதில்லை. சாலட்டின்மேல் ஜில்லென்று வைக்கும் சீஸ் என்றால், பாஸ்ச்சரைஸ் செய்த பாலா என்று கேட்டே ஆகவேண்டும். பரிமாறுகிறவர் விழித்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது பச்சை முட்டை. டிராமிசுவில் பழைய முறைப்படி வேகாத முட்டைதான் அடித்துச் சேர்ப்பார்கள். மயோனைஸும் அப்படித்தான், பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரல் முதல் ஓராண்டுத் தடை போட்டது நினைவிருக்கலாம். காபி விஷயத்தில் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் காஃபீனுக்குள் நிற்கச் சொல்கிறார்கள் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள். காலையில் வீட்டில் குடித்த ஃபில்டர் காபியையும் அதே கணக்கில் எழுதவேண்டும். நிறைமாதத்தில் தக்காளியும் சீஸும் இரவு எட்டு மணிக்கு மேல் உள்ளே போனால் நெஞ்செரிச்சல் நிச்சயம். புரோஜெஸ்டெரோன் இரைப்பையின் மேல்வாசலைத் தளர்த்தி வைத்திருப்பதால் வரும் வினை அது.

தாய் சாப்பிடுவது பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது என்ற பழைய நம்பிக்கையில் உண்மை இருக்கிறது, வேறொரு வழியில். பிள்ளைக்குப் போவது வாசனை. பிலடெல்பியாவின் மோனெல் வேதிப்புலன் மையத்தில் ஜூலி மெனெல்லா 1995இல் ஒரு சோதனை செய்தார். பனிக்குட நீர்ப் பரிசோதனைக்கு வந்த பத்துப் பெண்களில் ஐந்து பேருக்குப் பூண்டு மாத்திரை கொடுத்து, பிறகு எடுத்த நீரை முகர்ந்து பார்க்கச் செய்தார். எது பூண்டு நீர் என்று முகர்ந்தவர்களால் பெரும்பாலும் சொல்ல முடிந்தது. குழந்தை அந்த நீரைத்தான் மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறது. 2001இல் அதே குழு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் மூன்று வாரம் கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகளுக்குப் பின்னாளில் கேரட் கலந்த கூழ் ஊட்டிப் பார்த்தது. அவை முகத்தைச் சுளிப்பது குறைவாக இருந்தது.

தாய்ப்பாலிலும் இதே கதைதான். தாய் பூண்டு சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பாலில் அந்த மணம் உச்சத்துக்குப் போகிறது என்று 1991இல் கண்டார்கள். பிள்ளை பாலை மறுத்துவிடும் என்றுதானே நினைப்போம்? மார்பை விடாமல் கூடுதல் நேரம் பிடித்துச் சப்பியது. இரண்டு வருடம் கழித்து ஒரு திருத்தம் வந்தது: தாய் நாள்கணக்காகப் பூண்டு சாப்பிட்டுப் பழகியிருந்தால் குழந்தைக்கு அது புதினமில்லை, வழக்கம்போலத்தான் குடித்தது. பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டுக் குழம்பும் பிரசவ லேகியமும் தினமும் ஊட்டுகிற நம் வீட்டுக் குழந்தைகள் இந்த இரண்டாவது வகை. அந்த லேகியத்தில் சேரும் ஓமத்தின் தைமோலும் பீட்சாமேல் தூவும் ஆரிகனோவின் கார்வக்ராலும் வேதியியலில் உடன்பிறப்புகள். ஆக, கடலூர்க் குழந்தைக்கு கார்லிக் பிரெட்டின் வாசனை அப்படியொன்றும் அந்நியமல்ல. குழந்தைக்கு வாயு பிடிக்கும் என்று சொல்லிப் பிள்ளை பெற்றவளை ரசச் சோற்றோடு நிறுத்திவைக்கும் பத்தியத்தை இந்த ஆய்வுகளோடு சேர்த்துப் பார்த்தால், எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை. குழந்தையின் நாக்குக்குப் பல வாசனை அறிமுகமாகும் பருவத்தில் அதன் வாசலை நாமே சாத்துகிறோம்.

பிள்ளை பெற்றவளுக்கு நாம் ஆசையாகக் கொடுக்கும் ஒன்றில்தான் எனக்குத் தயக்கம். கடலூர் முதுநகர்ப் பக்கம் பால் சுறா வாங்கி, அவித்துத் தோலுரித்து, உதிர்த்து, பூண்டும் பச்சைமிளகாயும் கைநிறையப் போட்டுச் சுறாப் புட்டு செய்வார்கள். பால் ஊறும் என்பது நம்பிக்கை. பாலை ஊறவைப்பது குழந்தை சப்புவதும் அதனால் சுரக்கும் புரோலாக்டினும்தான். மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு நிரம்பும். சுறாவோ கடலின் உணவுச் சங்கிலியில் மேல்படியில் இருக்கிற மீன். சின்ன மீன்களின் உடம்பில் இருந்த மெத்தில் பாதரசம் அதில் வந்து தங்குகிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது கேடு. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தவிர்க்கவேண்டிய மீன்கள் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்டிருக்கும் பட்டியலில் சுறாவும் இருக்கிறது. பால் சுறா சின்ன இனம். பெருஞ்சுறாவைவிடப் பாதரசம் குறைவாக இருக்கலாம். என்றாலும் விருந்துக்கு ஒருநாள் என்பது வேறு, மருந்தென்று தினமும் ஊட்டுவது வேறு. மத்தியும் நெத்திலியும் சின்ன மீன்கள், ஆயுள் குறைவு, பாதரசம் சேர நேரமில்லை. மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு மத்தியில் தாராளம். இத்தாலியர்கள் பீட்சாமேல் வைக்கிற ஆஞ்சோவியும் நெத்திலி குடும்பம்தான். துறைமுகத்தில் சுறாவுக்குக் கொடுக்கிற காசுக்கு நெத்திலி வாங்கலாம்.