பக்கத்துப் பாய்தான் சாட்சி

அழுத்தம் – 6

போன வாரம் உப்பைப் பார்த்தோம். கருவாட்டைக் குறைத்து, மாத்திரையைத் தவறாமல் போட்டும் பிரஷர் இறங்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் அவர்களுடைய ராத்திரியைப் பார்ப்போம்.

கல்மண்டபத்துச் சந்துகளில் பல குடும்பங்களுக்கு ஒரே அறைதான். காசிமேட்டு ஏலத்துக்கு விடியுமுன் கிளம்புகிறவரும், துறைமுகத்தில் டூட்டி முடித்து வந்தவரும், பள்ளிக்கூடப் பிள்ளையும் அங்கேதான் படுக்கவேண்டும். வீட்டுக்காரர் விடும் குறட்டை அடுத்த வீட்டுக்கும் கேட்கும். “பாவம், அலுப்பு. அசந்து தூங்குறாரு” என்பார்கள். அவர் தூங்கவே இல்லை என்பதுதான் பல நேரங்களில் உண்மை.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும். காற்றுப்பாதை குறுகி, சுற்றியுள்ள சதை அதிர்வதே குறட்டை. பாதை முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தம் சட்டென்று நிற்கும். நெஞ்சு ஏறி இறங்கும். காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை பதறி உடம்பை உலுக்கும். ஒரு பெருமூச்சு, பிறகு மறுபடி குறட்டை. காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. இப்படி 10 விநாடியாவது மூச்சு நிற்பதோ குறைவதோ மணிக்கு 5 தடவையை எட்டினால் ‘ஸ்லீப் ஆப்னியா’. 30 என்றால் தீவிரம்.

ஒவ்வோர் உலுக்கலிலும் அட்ரினலின் பாய்ந்து ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. நல்ல தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் இறங்கவேண்டும். இவர்களில் பலருக்கு அது இறங்குவதில்லை. நாளடைவில் பகலிலும் ஏறியே நிற்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000இல் இதை உறுதிசெய்தது: மணிக்கு 15 தடவைக்குக் குறையாமல் மூச்சு தடைப்பட்டவர்களுக்கு, 4 ஆண்டுகளில் பிரஷர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 3 மடங்கு.

சென்னை மக்களிடம் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையில், 358 பேரில் 40 சதவீதம் பேருக்குக் குறட்டை இருந்தது. குறட்டை விடும் எல்லோருக்கும் ஆப்னியா இல்லை. யாருக்கு இருக்கிறது என்பதைப் பக்கத்தில் படுப்பவர்தான் முதலில் சொல்ல முடியும். சத்தம் நடுவில் நிற்கிறதா? மூச்சுத் திணறி எழுகிறாரா? காலையில் தலைவலியா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா? குறட்டை விடும் பெண்களைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதே இல்லை. மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுகிறது. எண்ணூர் சாலை வரிசையில் கேபினிலேயே தனியாகப் படுக்கும் கன்டெய்னர் லாரி டிரைவருக்கோ சாட்சியே இல்லை. அவர் ஸ்டியரிங்கில் கண் அயர்ந்தால் ஆபத்து சாலைக்கும்தான்.

தூக்கப் பரிசோதனையில் உறுதியானால் ‘சிபாப்’ கருவி உண்டு. 1981இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. முகமூடி வழியே காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும். ஆனால் அதனால் பிரஷர் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிகளே இறங்கும்; மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும், ராத்திரிக் குடியை விடுவதும் காசு கேட்காத வைத்தியங்கள்.

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் பிரஷர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடம் குறட்டையைப் பற்றியும் சொல்லுங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓ.பி. சீட்டு வாங்கப் போனால் வீட்டம்மாவையும் கூட்டிப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அவர் சொல்லட்டும்.

(தொடரும்)