நாம் போட்ட பணம் எங்கே இருக்கிறது?

கோபர்கைரனேயில் எங்கள் வீட்டிலிருந்து பாங்குக்குப் பத்து நிமிட நடை. வாஷி மொத்தச் சந்தையில் மூட்டை சுமக்கும் என் தந்தையார் மாதம் ஒரு முறை என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே செல்வார். சலான் எழுதுவது என் வேலை. சென்ற மாதம் ரொக்கத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்ததும், "ஏல, நாம போட்ட துட்டு இப்ப எங்கல இருக்கும்?" என்று கேட்டார். "பாங்கிலேதான்" என்றேன். அவர் நம்பவில்லை. என் அக்காவின் கலியாணத்துக்கென்று சேர்த்ததைப் பதிவில்லாத ஒரு சீட்டில் இழந்தவர் அவர். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. பயிலும் எனக்கும் சரியான விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைச் சங்க நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

தந்தையார் ஐயுற்றது நியாயமே. கட்டிய பணம் பெட்டியில் உறங்குவதில்லை. ஒரு பங்கு ரிசர்வ் பாங்கில் இருப்பாகிறது. ஒரு பங்கு அரசாங்கக் கடன் பத்திரமாகிறது. பெரும்பங்கு வேறொருவருக்குக் கடனாகப் போகிறது. சேமிப்புக் கணக்கில் போட்டவர் எந்த நாளும் திரும்பக் கேட்கலாம். கடன் வாங்கியவரோ தவணையில்தான் தருவார். பாங்குத் தொழிலின் ஆபத்து இந்த இடைவெளியிலேதான் இருக்கிறது.

தமிழ்நாடு இதைப் பட்டு உணர்ந்தது. 1906 அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, பல்லாயிரம் பேரின் சேமிப்பு அதனுடன் மூழ்கியது. அந்த அடியிலிருந்து பிறந்ததே, வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907 ஆகஸ்டு 15-இல் தொடங்கிய இந்தியன் பாங்கு.

கடல் கடந்த தமிழர் பெற்ற பாடம் வேறு. 1930-க்குப் பின் நெல் விலை வீழ்ந்தது. பர்மிய உழவர்களால் கடனைத் திருப்ப இயலவில்லை. கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால்பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. கொடுத்ததோ பணம், வந்ததோ நிலம். நிலத்தை ஒரே நாளில் பணமாக்க முடியுமா? இக்காலத்தில்தான், 1937 பிப்ரவரி 10-இல், எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கதவுகள் திறந்தன.

பழைய வட்டிக்கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எனச் சிலரே இருப்பர். பெரும்பாலும் உறவினர் அல்லது ஊரார். அங்கே நம்பிக்கை ஆளின்மேல் நின்றது. பாங்கிலோ அது முறையின்மேல் நிற்கிறது. எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் மற்றொருவர். பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். அவை இருவரிடம் இருக்கும். அக்காலத்துக் குமாஸ்தாக்கள் மாலையில் பற்றும் வரவும் நேராகும் வரை பேரேட்டை மூடி எழ மாட்டார்கள். இன்று அந்தக் கூட்டலைக் கணிப்பொறி செய்கிறது. இரண்டு சாவி முறை மட்டும் மாறவில்லை.

முறை சரியாக இருந்தும் காலம் கெடலாம். 1963-இல் பர்மா அரசு எல்லாப் பாங்குகளையும் எடுத்துக்கொண்டபோது இரங்கூன் கதவு மூடியது. இங்கே 1969 ஜூலை 19-இல் இந்த இரண்டு பாங்குகள் உட்படப் பதினான்கு பாங்குகள் நாட்டுடைமையாயின. அதற்கு முன்பே, 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பாங்கு வீழ்ந்ததன் விளைவாக, 1962 முதல் வைப்புத்தொகைக்குக் காப்புறுதி ஏற்பட்டது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு பாங்கில் 1,500 ரூபாய் வரை. 2020 பிப்ரவரி முதல் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை.

இவ்வளவையும் ஓர் ஞாயிற்றுக்கிழமை தந்தையாரிடம் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்போ துட்டு அங்க இல்ல, கணக்குதான் இருக்கு. சீட்டுக்காரன்கிட்ட அதுவும் இல்லாமப் போச்சே" என்றார்.

நண்பர்களே! தாராவியிலும் செம்பூரிலும் இப்படிக் கேட்க விரும்பியும் கேளாமல் இருக்கும் பெற்றோர் எத்தனை பேரோ! சலான் எழுதித் தருவதோடு நம் கடமை முடிந்துவிடாது. பாஸ் புத்தகத்தை விரித்து அவர்கள் அருகில் ஒரு மணி நேரம் உட்காருவோம்.