கலர் குடிச்சா தெம்பு வருமா?

பழனி பக்கம் கீரனூரில் ஓர் உறவினர் வீடு. கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது, அந்த வீட்டுப் பேரனுக்குக் காலையிலிருந்து நாலைந்து தடவை வயிற்றுப்போக்கு. ஏழு வயசுப் பையன், வாடின கீரை மாதிரி கிடந்தான். பாட்டி என்ன செய்தார் தெரியுமா? "புள்ள சோந்து கிடக்கான். கடைல ஒரு கலர் வாங்கிட்டு வாங்கப்பா, தெம்பா இருக்கும்!" என்று முந்தானையிலிருந்து பணத்தை அவிழ்த்து நீட்டினார்.

பாட்டியைக் குறை சொல்லாதீர்கள். நம் வீடுகளில் கலர் என்பது வெறும் பானமா என்ன? மரியாதை! மாப்பிள்ளை வந்தால் கலர். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனாலும் கையில் கலர்.

தென் மாவட்டங்களில் கலர் என்றதும் பலருக்கு பொவண்டோதான் ஞாபகம் வரும். 1916-ல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் கம்பெனியின் சரக்கு அது. 1950-களின் கடைசியில் வந்த திராட்சை வாசனைக் கலர். 1977-ல் கோகோ கோலா நாட்டை விட்டுப் போனது. 1993-ல் திரும்பி வந்ததும் பார்லே கம்பெனியிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டது. காளிமார்க் மட்டும் தன் பிராண்டை யாருக்கும் விற்கவில்லை. பெட்டிக்கடைக்கு ஃப்ரிட்ஜைக் கொடுத்து, 'இதில் எங்க பாட்டில்தான் இருக்கணும்' என்று சொல்வது இந்தத் தொழிலில் சகஜம். அந்தப் போட்டியையும் தாங்கி நிற்பது சாதாரண விஷயமில்லை. எனக்கும் அதில் ஒரு பெருமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

2003-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் பெரிய கம்பெனிக் குளிர்பானங்களில் பூச்சிமருந்து இருப்பதாகச் சொன்னது. நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் 2004-ல் அதை உறுதிப்படுத்தியது. ஊரே பதறியது. 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. நம்மூர்க் கலருக்கு மவுசு கூடியது.

இரண்டு தடவையும் சத்தமே இல்லாமல் தப்பித்தது யார்? சர்க்கரை! அது ஒளிந்துகொண்டும் இல்லை, பாட்டிலிலேயே அச்சடித்திருக்கிறது. கோலா வகைகளில் பொதுவாக 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 250 மில்லி பாட்டில் ஒன்றிலேயே கணக்கு முடிந்துபோகிறது. வெளிநாட்டுக் கம்பெனியோ உள்ளூர்க் கம்பெனியோ, லேபிளைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

'பிரியாணி சாப்பிட்டா கலர் குடிச்சாத்தான் செரிக்கும்' என்பது திண்டுக்கல்காரர்களின் வாதம். கேஸ் வெளியே வருவதுதான் அந்த ஏப்பம். செரித்துவிட்டது என்று அர்த்தமில்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடவும் செய்யும்.

சரி, பையனுக்கு வருவோம். வயிற்றுப்போக்கின்போது கலர் ஏன் ஆகாது? அத்தனை சர்க்கரையும் குடலுக்குள் போனால், உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்துவிடும். போக்கு அதிகமாகும். 'ஓ.ஆர்.எஸ்.-லயும் சர்க்கரை இருக்கே?' என்பீர்கள். இருக்கிறது. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், கூடவே உப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். கலரில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை, உப்போ பேருக்குத்தான்.

பாக்கெட் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. டீஸ்பூனைத் தலைதட்டி அளக்கவேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பாக்கெட் வாங்கி வந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். சாயங்காலம் பையன் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு வாங்கின கலர் எங்கே?" என்றான்.

அதை தாத்தா குடித்துவிட்டிருந்தார். தாத்தாவுக்கு ஷுகர்!