யாப்பகூவாக் கோட்டை: ஓர் இடிபாட்டை நோக்கும் முறை

இலங்கையின் இடைக்காலத் தலைநகரங்களுள் மிகக் குறுகிய காலமே நிலைத்தவற்றுள் ஒன்று யாப்பகூவா. குருநாகல் மாவட்டத்தில், மாகோவுக்கு அண்மையில், சமவெளியிலிருந்து ஏறத்தாழ 90 மீற்றர் உயரத்துக்குத் தனித்தெழும் பாறையொன்றும், அதன் தென்புற அடிவாரத்தை வளைத்து நிற்கும் அகழிகள், மதில்கள் ஆகியவற்றின் எச்சங்களும், பாறையின் சரிவில் ஏறும் கற்படி வரிசையுமே இன்று அங்கு முதன்மையாகக் காணத்தக்கவை. 1272 முதல் 1284 வரை ஆட்சி புரிந்த முதலாம் புவனேகபாகு, தம்பதெனியாவிலிருந்து தன் தலைநகரை இங்கு மாற்றினான். ஒரு தசாப்தமளவே தலைநகராக விளங்கிய இக்கோட்டையை நாம் அண்மையிற் சென்று பார்வையிட்டோம். அவ்வநுபவத்தை அடிப்படையாகக் கொண்டு, இத்தகைய இடிபாடுகளை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியதன்று. படிகளின் அடியிற் பாடசாலை மாணவர் குழுவொன்றுக்கு விளக்கமளித்துக்கொண்டிருந்த ஒருவர், தமிழர் படையெடுத்து வந்து இந்நகரை அழித்தனர் என்ற வசனத்துடன் தமது உரையை முடித்தார். சிங்களம் அறிந்த நண்பரொருவர் எம்முடன் வந்திருந்தார். அவர் அதனைக் கேட்டு, அப்படியாயின் இது எமது வெற்றிச் சின்னமல்லவா என்று மெல்லக் கூறினார். ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றும் இவ்விரு கூற்றுகளும் ஒரே எடுகோளின் மீது நிற்பவை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் அரசுகளை எமது காலத்துத் தேசிய இனங்களாகக் காண்பதே அவ்வெடுகோள். 1983 முதல் 2009 வரை நீடித்த யுத்தத்தின் பின்னர், வரலாற்றை இவ்வாறு வாசித்ததற்கு மக்கள் கொடுத்த விலையை எவரும் எமக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை.

சான்றுகள் காட்டும் சித்திரம் வேறானது. சாவகத்து மன்னன் சந்திரபானு இரண்டாம் முறை படையெடுத்து வந்தபோது யாப்பகூவாவில் முகாமிட்டுத் தந்ததாதுவைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு கோரினான். அவன் படையில் சோழ, பாண்டிய நாடுகளிலிருந்து திரட்டப்பட்ட தமிழ் வீரர்கள் இருந்தனர் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அதே காலப்பகுதியில் சாவகனை வென்று கொன்றதாகப் பெருமை பேசுவதோ சடாவர்மன் வீரபாண்டியனின் கல்வெட்டு. 1272இல் நான்காம் விசயபாகுவைக் கொலைசெய்வித்தவன் அவனது சேனாதிபதியான மித்தன். அம்மித்தனின் தலையைக் கொய்து புவனேகபாகுவுக்கு அரசைப் பெற்றுக்கொடுத்தவன் வட இந்தியக் கூலிப்படைத் தலைவனான தாகுரகன். இச்சம்பவம் மித்தன் படையினருக்குச் சம்பளம் வழங்க முற்பட்ட வேளையில் நிகழ்ந்தது என்பதும் சூளவம்சம் தரும் செய்தியே. அரசுரிமையைத் தீர்மானித்த வாள் எந்த மொழி பேசியது என்பதிலும் பார்க்க, அதற்குக் கூலி கொடுத்தவர் யார், அக்கூலி எவருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பனவே பொருத்தமான வினாக்களாகும்.

அவ்வினாக்களுக்கு விடை தேடும்போது கோட்டையின் அமைவிடமே முதற் சான்றாகின்றது. அநுராதபுர, பொலநறுவைக் காலங்களில் அரசு திரட்டிய உபரியிற் கணிசமான பகுதி பெருங்குளங்களாகவும் கால்வாய்களாகவும் உற்பத்திக்கே மீண்டது. அந்நீர்ப்பாசன அமைப்பின் தன்மை குறித்து விற்போகல் 1957இல் வெளியிட்ட கருத்துகளை, எட்மண்ட் லீச் 1959இலும், ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1971இலும் இலங்கைச் சான்றுகளைக் கொண்டு பரிசீலித்தனர். இராசரட்டை நாகரிகத்தின் வீழ்ச்சிக்கான காரணங்கள் பற்றிய கட்டுரைகளைக் கா. இந்திரபாலா 1971இல் தொகுத்து வெளியிட்டார். அவ்விவாதங்களுட் புகாது எமக்கு வேண்டியதொன்றை மட்டும் கூறலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆளும் வர்க்கம் குளத்தை விட்டுப் பாறைக்கு ஏறியது. தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல் என அடுத்தடுத்து வந்த தலைநகரங்கள் யாவும் பாறைகளைச் சார்ந்து அமைந்தவை. தன் குடிகளின் உற்பத்தியைப் பெருக்கும் ஆற்றலை இழந்துவந்த ஓர் அரசு, எஞ்சிய உபரியைத் தன் பாதுகாப்புக்கே செலவிட்டது எனலாம்.

படிவரிசையின் முன் நிற்கும்போது இது கண்கூடாகின்றது. மூன்று கட்டங்களாக ஏறும் அப்படிகள் மிகச் செங்குத்தானவை. கைப்பிடியின்றி இறங்க எம்மிற் சிலர் அஞ்சினர். வெட்டி, இழுத்து, ஏற்றி, செதுக்கிப் பொருத்தப்பட்ட அக்கற்கள் எண்ணற்ற மனித நாட்களின் உறைந்த வடிவம். நிலத்தை அநுபவிப்பதற்கு ஈடாக அரசனுக்கு உழைப்பை வழங்கும் கடமை, பிற்காலத்தில் இராசகாரியம் எனப் பெரிதும் அறியப்பட்ட அக்கடமை, இங்கே கல்லாகி நிற்கின்றது. மேலே ஏறிப் பார்த்தால் அரண்மனையாகவோ தந்ததாது மாளிகையாகவோ இருந்ததன் அத்திவாரமே எஞ்சியுள்ளது.

எனினும் இதனை ஒடுக்குமுறையின் சின்னம் என்ற ஒரே வாய்பாட்டுள் அடக்கிவிடுதல் யாந்திரிகமான நோக்காகும். படிகளின் மேற்கட்டத்து அடித்தளங்களில் மத்தளம் கொட்டுவோரும், ஆடுவோரும், குழலூதுவோரும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளனர். அரசவைக்கு ஏறுவோரின் கண்களை மகிழ்விக்க வடிக்கப்பட்டவையேயாயினும், வளைந்த முழங்காலிலும் சாய்ந்த தலையிலும் வெளிப்படும் உயிர்த்துடிப்பு, உழைக்கும் மக்களின் ஆட்டத்தை நன்கறிந்த கைகளின் ஆக்கம் என்றே எமக்குத் தோன்றியது. இச்சிற்பங்களிலும் கட்டட அமைப்பிலும் தென்னிந்தியச் சாயலை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். தென்கிழக்காசியக் கலையுடன் ஒப்பிட்டோரும் உளர். இங்கு கண்டெடுக்கப்பட்ட சீன நாணயங்களும் மட்பாண்டத் துண்டுகளும், 1283இல் புவனேகபாகு எகிப்தின் சுல்தான் கலாவூனிடம் வணிகத் தொடர்பு நாடித் தூது அனுப்பிய செய்தியும் இக்கோட்டை உலகத்தினின்று ஒதுங்கி நிற்கவில்லை என்பதைக் காட்டுகின்றன. முத்து, இரத்தினம், கறுவா, யானை ஆகியவற்றின் மூலம் வருவாய் தேடியவன் அவன்.

ஆனால் வணிகக் கனவு கோட்டையைக் காக்கவில்லை. புவனேகபாகுவின் ஆட்சி முடிவிற் பஞ்சம் ஏற்பட்டது என்றும், அதன்பின்னரே குலசேகரபாண்டியன் ஏவிய படை ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் வந்து கோட்டையைக் கைப்பற்றித் தந்ததாதுவைக் கொண்டுசென்றது என்றும் சூளவம்சம் கூறும். படையெடுப்பைப் பற்றிப் பேசுவோர் பஞ்சத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். வயல் விளையாத நாட்டில் மதிலின் உயரம் எவ்வளவாயினும் பயன் யாது? இழந்த தாதுவை மூன்றாம் பராக்கிரமபாகு மீட்டது போரினாலன்று. பாண்டியனிடம் நேரிற் சென்று, உரையாடி, நட்பினாற் பெற்றான். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலநறுவையில் அதே தந்ததாதுவின் கோயிலைக் காப்போம் எனத் தமிழிற் கல்வெட்டுப் பொறித்தோர் வேளைக்காரப் படையினர் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இலக்கிய மாணவருக்கு இக்காலம் இன்னுமொரு பாடத்தைத் தருகின்றது. சிங்கள இலக்கணமாகிய சிதத்சங்கராவ பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குரியது. அதற்கும் வீரசோழியத்துக்குமுள்ள ஒப்புமைகள் அறிஞராற் காட்டப்பட்டுள்ளன. யாப்பகூவா வீழ்ந்து ஒரு தலைமுறை கழியுமுன், 1310இல், போசராச பண்டிதரின் சரசோதிமாலை என்னும் தமிழ்ச் சோதிட நூல் தம்பதெனியாவிற் பராக்கிரமபாகு மன்னனின் அவையில் அரங்கேறியது. ஈழத்தில் எழுந்து எமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று, சிங்கள மன்னனொருவனின் ஆதரவிற் பிறந்தது. படையெடுப்பை மட்டும் மனனம் செய்யும் மாணவன் இதனை அறிவதில்லை. வெற்றியை மட்டும் எண்ணிப் பூரிப்பவரும் அறிவதில்லை.

மாலையில் பாறையிலிருந்து கீழே நோக்கினோம். காடுகளுக்கிடையே சிறு குளங்களும் அவற்றின் கீழ் வயல்களும் தெரிந்தன. இத்தகைய கிராமக் குளங்களை அணைகட்டித் தூர்வாரிப் பேணிவந்தோரின் பெயர்களை எந்த வம்சக்கதையும் பதிவுசெய்யவில்லை. படிகளைச் செதுக்கியோரின் பெயர்களுக்கும் அதே நிலைதான். இறங்கும் வழியில், காலையில் மெல்லப் பேசிய எம் நண்பர், மத்தளம் கொட்டும் சிற்பமொன்றின் முன் நின்று, இதனைச் செதுக்கியவன் சிங்களவனா தமிழனா என்று கேட்டார். விடையை எம்மில் எவராலும் கூற முடியவில்லை. அவனுக்கு உணவளித்த வயலையும், அவன் உழைப்பைக் கவர்ந்த அதிகாரத்தையும் முதலில் அறிய முற்படுவோம் என்று மட்டுமே கூறினோம். எமது வரலாற்றுப் பாடநூல்கள், இரு மொழிகளிலும், அவ்விடத்திலிருந்தே தொடங்கப்படல் வேண்டும்.