கோலார் சுரங்கத்தில் சோதிக்கப்பட்ட கொள்கைகள்

பொன் எடுப்பதற்காகத் தோண்டப்பட்ட சுரங்கம் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் இயற்பியலுக்குச் சோதனைச்சாலையாகவும் பயன்பட்டது. கர்நாடக மாநிலத்தின் கிழக்கெல்லையில் உள்ள கோலார் தங்கவயலே அவ்விடம். 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கு நவீன முறையில் சுரங்கப் பணியை நடத்தினர். தமிழகத்திலிருந்தும் ஆந்திரப் பகுதியிலிருந்தும் குடியேறிய தொழிலாளர்களின் உழைப்பால் சுரங்கம் ஆண்டுதோறும் கீழே இறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று.

இயற்பியல் கொள்கை ஒன்று பயனுடையதாக இருக்க வேண்டுமானால், அது சோதிக்கத்தக்க ஓர் எண்ணைத் தர வேண்டும். அந்த எண்ணைச் சரிபார்ப்பதற்கு ஏற்ற இடமும் கருவியும் வேண்டும். கருவி பதிவு செய்தது எதனை என்று தீர்மானிப்பதற்கோ மறுபடியும் கணக்கு வேண்டும். கொள்கை, அளவீடு, கணக்கீடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் கோலாரில் நாற்பது ஆண்டுகள் நடைபெற்ற ஆராய்ச்சி தெளிவாகக் காட்டுகிறது.

ஆழத்தின் அவசியம்

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் இடைவிடாது பூமியைத் தாக்குகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை புரோட்டான்கள். இவை வளிமண்டலத்தின் மேலடுக்கில் உள்ள அணுக்கருக்களுடன் மோதும்போது பையான் என்னும் துகள்கள் தோன்றுகின்றன. பையான்கள் சிதைவுற்று மியூவான்களும் நியூட்ரினோக்களும் பிறக்கின்றன. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒரு மியூவான் விழுகிறது.

மிக அரிதாக நிகழும் ஒன்றைத் தேடும் விஞ்ஞானிக்கு இந்த மியூவான்கள் பெரும் இடையூறு. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் மெல்லிய குரலைக் கேட்க முயல்வதைப் போன்றது அது. மியூவான்களைத் தடுக்கக்கூடியது கனத்த பாறையே. கோலார்ப் பாறை நீரைவிட மும்மடங்கு அடர்த்தி உடையது. ஆகவே 2,300 மீட்டர் ஆழம் என்பது ஏறத்தாழ 7,000 மீட்டர் நீருக்குச் சமம்.

முதல் கணக்கு

இங்கு முதலில் எழுந்த வினா, எந்த ஆழத்தில் எத்தனை மியூவான்கள் எஞ்சியிருக்கும் என்பது. பாறையினூடே செல்லும் மியூவான் தன் ஆற்றலை இரு வகைகளில் இழக்கிறது. முதலாவது, வழியிலுள்ள அணுக்களின் எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுப்பதால் நேரும் இழப்பு. இது ஏறக்குறைய மாறாத விகிதத்தில் தொடர்கிறது. இரண்டாவது, ஒளிக்கதிர்களையும் துகள் இணைகளையும் வெளிப்படுத்துவதால் நேரும் இழப்பு. மியூவானின் ஆற்றல் மிகுந்தால் இதுவும் அதே விகிதத்தில் மிகும். இவ்விரு உறுப்புகளைக் கொண்ட எளிய சமன்பாடே மியூவான் ஊடுருவலின் கணித மாதிரியாகும். இதன்படி, 2,300 மீட்டர் ஆழத்தை அடைய மியூவான் புறப்படும்போதே பல லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் பெற்றிருக்க வேண்டும். அத்தகையவை மிகச் சிலவே.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஹோமி பாபாவின் ஆலோசனைப்படி, பி. வி. ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்தில் கோலாரில் மியூவான் அளவீடுகளைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் எஸ். மியாகே, வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி ஆகியோர் இவ்வளவீடுகளை மேலும் ஆழமான இடங்களுக்குக் கொண்டு சென்றனர். சுமார் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவி இரண்டு மாத காலம் இயங்கியும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. சாதாரணமாகத் தோல்வி எனத் தோன்றும் இம்முடிவே அடுத்த முயற்சிக்கு வழி திறந்தது. வளிமண்டல மியூவான்களின் இரைச்சல் அடங்கிய இடம் கிடைத்துவிட்டது என்பதே அதன் பொருள்.

நியூட்ரினோ அகப்பட்டது

நியூட்ரினோவுக்கு மின்னேற்றம் இல்லை. பூமி முழுவதையும் தடையின்றி ஊடுருவிச் செல்லவல்லது. மிக அரிதாக அது பாறையிலுள்ள அணுக்கருவுடன் மோதி, மியூவான் ஒன்றை உண்டாக்கும். அந்த மியூவானே நியூட்ரினோ வந்ததற்கான சான்று.

எனினும் கருவியினூடே செல்லும் மியூவான் நியூட்ரினோவால் பிறந்ததா, மேலேயுள்ள வளிமண்டலத்திலிருந்து வந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இங்கும் கணித மாதிரியே துணை செய்தது. நேர் மேலிருந்து வரும் மியூவான் 2,300 மீட்டர் பாறையைக் கடக்கிறது. சாய்ந்து வருவதோ அதனினும் நீண்ட தொலைவைக் கடந்தாக வேண்டும். எனவே சாய்வு மிகுந்தால் வளிமண்டல மியூவான்களின் எண்ணிக்கை விரைந்து குறையும். கிடைமட்டத்தை ஒட்டிய திசையில் அவை அறவே இரா. நியூட்ரினோக்களுக்கு இக்கட்டுப்பாடு இல்லை. அவை எல்லாத் திசைகளிலிருந்தும் வரும். ஆகவே கிடைமட்டத்தை ஒட்டிச் செல்லும் மியூவான் தடம், நியூட்ரினோவின் தடயமாகும்.

இதற்கேற்ப, பிளாஸ்டிக் ஒளிர்வுக் கருவிகளை இரு சுவர்களாக எதிரெதிரே நிறுத்தி, இடையே நியான் ஒளிக்குழாய்களை அடுக்கிக் கருவிகள் அமைக்கப்பட்டன. டாடா நிலையமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் இதில் இணைந்து பணியாற்றின. எம். ஜி. கே. மேனன், மியாகே, ஏ. டபிள்யூ. வுல்ஃபென்டேல் முதலானோர் இக்குழுவில் இடம்பெற்றனர். வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்த செய்தி 1965 ஆகஸ்டில் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றில் ஃப்ரெடெரிக் ரைன்ஸ் தலைமையிலான குழுவும் இதே முடிவை அடைந்து, அதே மாதத்தில் வெளியிட்டது.

புரோட்டான் அழியக்கூடியதா?

1970களில் கொள்கை இயற்பியல் துணிவான ஒரு படியை எடுத்தது. மின்காந்த விசை, மென்விசை, வன்விசை ஆகிய மூன்றும் ஒரே மூலவிசையின் வெவ்வேறு தோற்றங்கள் என்ற கருத்து உருவாயிற்று. ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் ஒருபுறமும், ஹோவர்ட் ஜார்ஜையும் ஷெல்டன் கிளாஷோவும் மறுபுறமும் இதற்கான மாதிரிகளை முன்வைத்தனர். இவற்றின் விளைவுகளுள் ஒன்று திகைப்பூட்டுவது: அழிவற்றது எனக் கருதப்பட்ட புரோட்டானும் என்றேனும் சிதைவுறும்.

1974இல் வெளியான ஜார்ஜை–கிளாஷோ மாதிரி ஓர் எண்ணையும் தந்தது. மூன்று விசைகளின் வலிமைகளும் ஒன்றாகச் சேரும் ஆற்றலைக் கணக்கிட்டால், புரோட்டானின் ஆயுள் கிடைக்கும். இந்த ஆயுள் அவ்வாற்றலின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆற்றல் பத்து மடங்கு கூடினால் ஆயுள் பத்தாயிரம் மடங்கு கூடும். இதனால் கணிப்பில் பெரும் ஐயப்பாடு இருந்தபோதிலும், ஒன்றுக்குப் பின் 29 முதல் 31 பூஜ்யங்கள் கொண்ட ஆண்டுகள் என்ற வரம்பு பேசப்பட்டது. பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகளே.

அவ்வளவு காலம் காத்திருக்க எவராலும் இயலாது. ஆனால் ஒரு புரோட்டானை நெடுங்காலம் கவனிப்பதற்குப் பதிலாக, ஏராளமான புரோட்டான்களைச் சில ஆண்டுகள் கவனிக்கலாம். 140 டன் இரும்பில் உள்ள புரோட்டான்களும் நியூட்ரான்களும் சேர்ந்து, 84-க்குப் பின் 30 பூஜ்யங்கள் இட்ட எண்ணிக்கை ஆகும். அவற்றின் ஆயுள் ஒன்றுக்குப் பின் 31 பூஜ்யங்கள் கொண்ட ஆண்டுகள் எனில், ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டுச் சிதைவுகள் நிகழ வேண்டும். ஆயுள் அதனினும் பத்து மடங்கு நீண்டதாயின், ஆண்டுக்கு ஒன்றும் நிச்சயமில்லை.

இந்தக் கணக்கின் அடிப்படையில், 1980ஆம் ஆண்டின் பிற்பகுதியில், 2,300 மீட்டர் ஆழத்தில் 140 டன் கருவி இயங்கத் தொடங்கியது. இரும்புத் தகடுகளும், வாயு நிரப்பிய எண்ணிக் குழாய்களும் 34 அடுக்குகளாக அமைக்கப்பட்டன. புரோட்டான் சிதைவைத் தேடுவதற்கென்றே அமைக்கப்பட்ட பெரிய கருவிகளுள் இது உலகில் முந்தியது. பின்னர் 260 டன் எடையுள்ள இரண்டாம் கருவி 2,000 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டது.

கணக்கில் நிகழும் சோதனை

கருவியின் மேல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மியூவான்களே விழுந்தன. அவை வெளியிலிருந்து நுழைவதால், அவற்றை அடையாளம் கண்டு விலக்குவது எளிது. உண்மையான சிக்கல் நியூட்ரினோவிடமிருந்து வந்தது. 1965இல் தேடிக் கண்டறியப்பட்ட அதே துகள், இப்போது இடையூறாக மாறியது. எந்த ஆழமும் அதனைத் தடுக்காது. கருவியின் உட்புறத்தில் நியூட்ரினோ மோதினால், வெளியிலிருந்து எதுவும் நுழையாமலே உள்ளே தடங்கள் தோன்றும். புரோட்டான் சிதைந்தாலும் அவ்வாறே தோன்றும்.

இரண்டையும் வேறுபடுத்த மாண்டி கார்லோ முறை கையாளப்படுகிறது. 1940களில் ஸ்டானிஸ்லா உலாம், ஜான் வான் நாய்மன் ஆகியோர் உருவாக்கிய இம்முறை, சூதாட்ட விடுதியின் பெயரைத் தாங்கியது. ஒரு சமன்பாட்டை நேரடியாகத் தீர்க்க இயலாதபோது, நிகழ்ச்சியின் ஒவ்வொரு படியையும் அதன் நிகழ்தகவுக்கு ஏற்பக் குருட்டு எண்களைக் கொண்டு கணிப்பொறியில் நடத்திப் பார்ப்பதே இதன் சாரம். நியூட்ரினோ எந்தத் திசையில் வந்தது, எவ்வளவு ஆற்றல் கொண்டிருந்தது, எத்தகடில் மோதியது, பிறந்த துகள்கள் எங்கே நின்றன என்பவை ஒவ்வொன்றும் இவ்வாறு தீர்மானிக்கப்படும். ஆயிரக்கணக்கான முறை இதைத் திரும்பச் செய்தால், நியூட்ரினோ மட்டும் இருக்கும் உலகில் கருவி எதைக் காணும் என்பது தெரியும். கருவி உண்மையில் கண்டது அதனின்று விலகினால்தான் புதியதொன்றைப் பற்றிப் பேச இடமுண்டு.

இம்முறையிலும் பலவீனம் உண்டு. இரும்பு அணுக்கருவினுள் உள்ள புரோட்டான் ஓய்வாக இருப்பதில்லை; சிதைவில் பிறக்கும் பையான் கருவை விட்டு வெளியேறும் முன்பே உறிஞ்சப்படலாம். இவற்றைப் பற்றிய அறிவு எவ்வளவு சரியோ, அவ்வளவே கணிப்பொறி தரும் விடையும் சரியாக இருக்கும்.

கோலார்க் குழுவினர் தாம் கண்ட சில நிகழ்ச்சிகள் சிதைவாக இருக்கக்கூடும் என 1980களின் தொடக்கத்தில் அறிவித்தபோது, விவாதம் முழுவதும் இந்தப் புள்ளியையே சுற்றி நடந்தது. தடங்கள் உண்மையானவை என்பதில் ஐயமில்லை. நியூட்ரினோக்களால் அத்தகைய தடங்கள் எத்தனை தோன்றக்கூடும் என்பதே வினா. தீர்ப்பு பெரிய கருவிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் ஈரி ஏரியை ஒட்டிய உப்புச் சுரங்கத்தில் சுமார் 8,000 டன் நீரைக் கொண்டு நடந்த சோதனை, எதிர்பார்த்த வகைச் சிதைவு எதனையும் காணவில்லை என்று 1983இல் அறிவித்தது. ஜப்பானில் 1996 முதல் இயங்கும் 50,000 டன் நீர்க்கருவியும் சிதைவைக் காணவில்லை. புரோட்டானின் ஆயுள் ஒன்றுக்குப் பின் 34 பூஜ்யங்கள் கொண்ட ஆண்டுகளைவிடக் கூடுதல் என்பதே அதன் முடிவு. எளிய வடிவிலான ஜார்ஜை–கிளாஷோ மாதிரி இதனால் கைவிடப்பட்டது. ஒரு கொள்கை தெளிவான எண்ணைத் தந்ததால்தான் அதனை விலக்கவும் முடிந்தது என்பது மாணவர்கள் கருத்திற்கொள்ளத்தக்கது.

பாறையின் கணக்கு

சுரங்கம் மற்றொரு கணக்கையும் வேண்டி நின்றது. பெரும் ஆழத்தில் பாறை கடும் அழுத்தத்தில் இருக்கிறது. தாதுவை வெட்டி எடுத்ததும் அங்கிருந்த அழுத்தம் அருகிலுள்ள பாறைக்கு மாறுகிறது. தாங்கும் எல்லை கடந்தால் பாறை திடீரென வெடித்துச் சிதறும். கோலாரில் தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்த விபத்து இதுவே. பாறையைக் கணக்கில் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மீதும் உள்ள அழுத்தத்தைக் கணிப்பொறியால் கணக்கிட்டு, எங்கே வெட்டுவது, எங்கே தூண் விடுவது என முன்கூட்டியே ஆராயலாம். 1988இல் கோலார் தங்கவயலில் தேசியப் பாறை இயந்திரவியல் நிலையம் நிறுவப்பட்டது. இத்துறையின் அறிவு பின்னர் நீர்மின் திட்டங்களுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் பயன்பட்டது.

சுரங்கம் மூடிய பின்

பொன் உற்பத்தி நலிந்ததால், 1990களின் தொடக்கத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டன. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் நின்றன. தொழிலாளர்கள் வாழ்வாதாரத்தை இழந்தனர். நாடு ஈடற்ற ஆய்வு ஆழத்தை இழந்தது. வளிமண்டல நியூட்ரினோக்கள் பயணத்தில் வகை மாறுகின்றன என்ற கண்டுபிடிப்பு 1998இல் ஜப்பானிலிருந்து வந்தது.

இதன் தொடர்ச்சியாகத் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில், 50,000 டன் இரும்புக் கருவியுடன் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. சுற்றுச்சூழல் குறித்த எதிர்ப்பும் மாநில அரசின் மறுப்பும் குறுக்கிட்டதால் அது எழும்பவில்லை. எனினும் அக்கருவி எதைக் காணும், எவ்வளவு நுட்பமாகக் காணும் என்பதைப் பல பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் கணிப்பொறியில் விரிவாகக் கணித்துள்ளனர். அதன் சிறு மாதிரியாக 85 டன் கருவி மதுரையில் அமைக்கப்பட்டுள்ளது. ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் 2017இல் ஆய்வுக்கூடம் ஒன்று திறக்கப்பட்டது.

கணிப்பொறியின் ஆற்றல் கோலார்க் காலத்தைவிடப் பன்மடங்கு பெருகியுள்ளது. ஆயினும் கணக்கில் மட்டும் உள்ள கருவி இயற்கையிடம் எதையும் கேட்டறிய இயலாது. இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கிய மாதிரிகளைச் சோதிக்கத் தகுந்த ஆழமும், அதைச் சுற்றி வாழும் மக்களின் நம்பிக்கையும் ஒருங்கே கிடைக்க வேண்டும். திட்டமிடும் பொறுப்பில் உள்ளோர் இவ்விரண்டையும் ஒரே பணியின் பகுதிகளாகக் கொள்வது அவசியமாகும்.